பாட்டுக் கேட்டவர் புள்ளடி போடப் போவாரா? குறைந்த வாக்களிப்பும் இசை செய்யக்கூடிய வேலையும்

2024 செப்டெம்பர் 21இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் இலங்கை முழுவதும் 79.46 வீதமானோர் வாக்களித்தார்கள். 54 நாள் கழித்து, நவம்பர் 14இல் பாராளுமன்றத் தேர்தல் வந்தபோது அது 68.93 வீதமாக இறங்கியது. வாக்காளர் இடாப்பு அதே இடாப்புத்தான். 1 கோடியே 71 இலட்சத்துச் சொச்சம் பெயர்கள். முதல் தேர்தலுக்கு வந்தவர்களில் 18 இலட்சம் பேரளவு அடுத்ததற்கு வரவில்லை. 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது 60 வீதத்தைச் சற்றுத்தான் தாண்டியது. வீட்டு வாசலில் உள்ள வடிகானையும் தெருவிளக்கையும் பார்க்கிற சபைக்குத்தான் ஆகக் குறைந்த ஆட்கள் போயிருக்கிறார்கள்.

இதைப் பார்த்து “சனத்துக்கு அக்கறை இல்லை” என்று முடிவுகட்டுவது சுலபம். அந்த முடிவோடு எழுதப்படுகிற விழிப்புணர்வுப் பாட்டு எல்லாம் உபதேசமாகத்தான் வரும். உபதேசம் செய்கிற பாட்டு யாரையும் வாக்களிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு சனசமூக நிலையமோ விளையாட்டுக்கழகமோ மாதர் சங்கமோ இசையைக் கையில் எடுக்க நினைத்தால், எதைத் திருத்த இசையால் முடியும், எதை முடியாது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

வீதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது

பெட்டிக்குள் விழுந்த சீட்டுகளின் தொகையை இடாப்பில் உள்ள பெயர்களின் தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது வாக்களிப்பு வீதம். நிராகரிக்கப்பட்ட சீட்டுகளும் இந்தக் கணக்கில் அடங்கும்.

கவனிக்க வேண்டியது கீழே நிற்கிற எண்ணிக்கையை, அதாவது இடாப்பில் உள்ள பெயர்களின் தொகையை. கட்டாரிலும் சவூதியிலும் குவைத்திலும் வேலை செய்கிற எத்தனையோ பேரின் பெயர் ஊர் இடாப்பில் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க இலங்கையில் இதுவரை வழி இல்லை. ஆகவே ஏறாவூரிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு வட்டாரத்தில் நூற்றுக்கு எழுபது பேர் வாக்களித்தால், மிச்சம் முப்பது பேரும் சோம்பேறிகள் என்று எண்ணக் கூடாது. அதில் ஒரு பங்கு றியாத்தில் சாரதி, இன்னொரு பங்கு பெயர் நீக்கப்படாத காலமானவர். எந்தப் பாட்டாலும் அவர்களைக் கொண்டுவர முடியாது. உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவில் இப்படி எத்தனை பேர் என்பதை வேலை தொடங்குமுன் உத்தேசமாகவாவது எண்ணிக்கொள்ளுங்கள். அப்போதுதான் எவரை நோக்கிப் பாடுகிறோம் என்பது தெளியும்.

ஊரில் இருந்தும் ஏன் போவதில்லை

அரசியல் அறிவியலில் இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அன்ரனி டவுன்ஸ் 1957இல் தொடக்கிவைத்து, வில்லியம் றைக்கரும் பீற்றர் ஓடஷூக்கும் 1968இல் விரித்தது. ஒருவர் வாக்களிக்கப் போவதை நாலு விடயங்கள் தீர்மானிக்கின்றன: என் ஒரு வாக்கால் முடிவு மாறும் என்ற வாய்ப்பு, மாறினால் எனக்குக் கிடைக்கும் நன்மை, போய்வர ஆகும் செலவு, போட்டுவிட்டு வந்தால் கிடைக்கும் மனநிறைவு. முதலாவது எப்போதும் மிகச் சிறியது. எனவே மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில்தான் இழுபறி.

கிழக்கில் அந்தச் செலவு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பல இடங்களில் வாக்களிப்பு நிலையம் நடை தூரத்தில் இல்லை. நவம்பர் தேர்தல் என்றால் மாரி மழையும் பெரும்போக வயல் வேலையும் ஒன்றாக வரும். ஆட்கள் வயல் வாடியில் இருப்பார்கள். வாழைச்சேனையில் இருந்து ஆழ்கடலுக்குப் போன படகு தேர்தலுக்காகத் திரும்பி வராது. கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் நிற்கிற பிள்ளைக்கு லீவும் இரண்டு இரவுப் பயணமும் வேண்டும். வேலைசெய்யும் இடம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள் என்று வாக்களிக்க லீவு கொடுக்கும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. கொழும்பில் இருந்து மட்டக்களப்பு 300 கிலோமீற்றருக்கு மேல், ஆகவே இரண்டு நாள். எழுத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். இது தெரியாததால் ஊருக்கு வராமல் நிற்பவர்கள் நிறையப்பேர்.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் கல்யாணம். இங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் வழமை. ஆள் களுவாஞ்சிகுடிக்கு வந்து பத்து வருடமாகியும் பெயர் தாய் வீட்டு இடாப்பிலேயே கிடந்தால், வாக்களிக்க அவர் அந்த ஊருக்குத்தான் போக வேண்டும். புதிய பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி மாற்றும் வேலையை அடுத்த வருடம் அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டு போவார்கள்.

நன்மை என்ற பக்கமும் வலுவிழந்துதான் கிடக்கிறது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012இல். 2017இல் பதவிக்காலம் முடிந்த பின் சபையே இல்லை. “போட்டு என்ன கண்டோம்” என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கு மேளம் அடித்துப் பதில் சொல்ல முடியாது. அச்சத்தையும் மறந்துவிடக் கூடாது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் புறக்கணிப்பு அழைப்பும் பயமும் சேர்ந்ததில் மட்டக்களப்பு மாவட்டத்தின் வாக்களிப்பு பாதியைக்கூட எட்டவில்லை. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள்தான் இன்றைய தாய் தகப்பன்மார்.

இதில் பாட்டுக்கு எங்கே இடம்

மனநிறைவு என்ற நாலாவது பகுதியில் இசைக்கு நேரடியாக வேலை உண்டு. பலர் சேர்ந்து பாடும்போது “எல்லாரும் போகிறார்கள், நானும் போவேன்” என்ற எண்ணம் உண்டாகிறது. அமெரிக்காவில் 1990இல் தொடங்கிய ‘றொக் த வோட்’ இயக்கம் பிரபல பாடகர்களைக்கொண்டு இளைஞரை வாக்காளராகப் பதியவைத்தது. செனகலில் 2011இல் றப் பாடகர்களும் ஊடகவியலாளர்களும் சேர்ந்து தொடங்கிய ‘யன் ஆ மார்’ இயக்கம், 2012 தேர்தலுக்கு முன் வாக்காளர் அட்டையே என் ஆயுதம் என்ற முழக்கத்தோடு ஆட்களைப் பதியவைத்தது. இரண்டிலும் கவனிக்க வேண்டியது, பாட்டு முடிந்ததும் கையில் எடுக்க ஒரு படிவம் இருந்தது என்பதே.

இன்னொரு சான்றையும் மனதில் வைக்க வேண்டும். 1998இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் அலன் கேர்பர், டொனால்ட் கிறீன் என்ற இருவர் ஏறத்தாழ 30,000 வாக்காளரை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். வீட்டுக்கு நேரில் போய்ப் பேசியது வாக்களிப்பைக் கணிசமாகக் கூட்டியது, தபால் சிறிதளவு கூட்டியது, தொலைபேசி அழைப்பால் பயன் இல்லை. முகம் பார்த்துப் பேசுவதற்கு மாற்று கிடையாது. ஆட்களைக் கூட்டிவந்து, அந்தப் பேச்சுக்கு மனதைத் திறந்துவைப்பது பாட்டின் வேலை. அதோடு தகவலை நாக்கில் ஒட்டவைக்கிறது. மூன்றாவதான செலவைப் பாட்டு தொடுவது அந்தத் தகவலால் மட்டும்தான்.

பாட்டைக் கட்டுவது

ஒரு பாட்டுக்கு ஒரு வேலை. இடாப்பில் பெயர் பதியும் காலத்துக்கு ஒரு பாட்டு, அடையாள அட்டை எடுப்பதற்கு ஒன்று, சீட்டில் அடையாளம் இடுவதற்கு ஒன்று, நேரமும் நாளும் சொல்ல ஒன்று. நாலையும் ஒன்றில் திணித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. “வாக்களிப்பது நம் கடமை, வாரீர் வாரீர்” என்ற வரி ஊர் ஊராக ஒலிக்கிறது. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர் நாளை காலையில் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எதுவும் இல்லை.

கிழக்கின் கவி வடிவம் இதற்கு நன்றாக இடம் கொடுக்கும். நாலு வரி, சுருக்கமான பேச்சுமொழி, மச்சான் மச்சி என்று ஒருவரை விளித்துப் பாடும் நெருக்கம். தேர்தல் நாளுக்கான ஒன்றை முதலில் இப்படி எழுதினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

ஏழு மணிக்குத் திறக்குது கதவு
நாலு மணிக்குச் சாத்துது மச்சான்
வாக்கு அட்டை வராமப் போனாலும்
அடையாள அட்டை போதும் மச்சான்

தகவல் சரியானது. 2024, 2025 தேர்தல்களில் காலை 7 முதல் மாலை 4 வரைதான் வாக்களிப்பு. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலுக்கும் தேர்தல்கள் ஆணைக்குழு அறிவிக்கும் நேரத்தைப் பார்த்த பிறகே பதிவுசெய்யுங்கள். தபாலில் வரும் வாக்காளர் அட்டை கையில் இல்லாவிட்டாலும், இடாப்பில் பெயரும் ஏற்கப்பட்ட அடையாள ஆவணமும் இருந்தால் வாக்களிக்கலாம். அட்டை வராவிட்டால் வாக்கு இல்லை என்று நினைத்து வீட்டில் இருந்துவிடுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பாட்டே.

பிழை காதில் இருக்கிறது. இரண்டு “அட்டை” அடுத்தடுத்து வருகின்றன. திறந்த வெளியில் ஒலிபெருக்கியில் கேட்டால் எது தேவை, எது தேவையில்லை என்பது குழம்பும். “வராமப் போனாலும்” என்ற எதிர்மறையில் “வராம” மட்டும் காதில் விழுந்து மிச்சம் காற்றோடு போய்விடும். ஆகவே கடைசி இரண்டு வரியையும் தனிக் கவியாகப் பிரித்து எடுக்கிறோம்:

தபால்ல அட்டை வந்தாலும் போகலாம்
வராட்டியும் போகலாம் மச்சான்
ஐடி காட்டப் பொக்கற்றில வெச்சியா
தொட்டுப் பாத்துட்டுப் போ மச்சான்

இப்போது ஊரார் வாயில் புழங்குகிற “ஐடி” வந்துவிட்டது. கடைசி வரி ஒரு செயலைச் சொல்கிறது. பாடும்போது பாடுகிறவர் சட்டைப் பையைத் தொட, கேட்கிறவர் கையும் தானாகப் பைக்குப் போகும். பெண்கள் பாடினால் “பொக்கற்றில” இருந்த இடத்தில் “பேர்ஸில” வரட்டும்.

மத்தளத்தோடு பாடினால் இன்னொரு விடயம். மத்தளம் முழு வீச்சில் போகும்போது சொல் விளங்காது. தகவல் வரும் வரிக்கு மத்தளம் அடிக்கிற அண்ணாவியார் கையைத் தாழ்த்தி, சல்லாரி (கைத்தாளம்) மட்டும் தாளம் பிடிக்கட்டும். வரி முடிந்ததும் மத்தளம் திரும்பட்டும். அந்த வரியைப் பிற்பாட்டுக்காரர் இரண்டு தரம் எடுத்துப் பாட வேண்டும். கூத்தில் தருவை, அதாவது கூத்துப் பாட்டை, பின்னணியில் திருப்பிப் பாடும் வழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. மனதில் பதிய அதைவிட நல்ல கருவி தேவையில்லை.

மெட்டைத் தேர்வதிலும் நிதானம் வேண்டும். கண்ணகி அம்மன் குளிர்த்தியிலும் சடங்கிலும் பாடும் காவிய மெட்டைத் தேர்தலுக்கு எடுக்கக் கூடாது; சனம் மனம் நோகும். சினிமா மெட்டு என்றால் பதிப்புரிமைப் பிரச்சினை, முகநூலில் ஏற்றியதும் ஒலி அடைபடும். முஸ்லிம் ஊர்களில் வாத்தியம் வேண்டுமா என்பதைப் பள்ளிவாசல் நிருவாகத்தோடு முன்பே பேசுங்கள். றபானோடு பாடலாம், வாத்தியமே இல்லாமல் வெறும் கவியாகவும் பாடலாம். இரண்டுக்கும் அங்கே மரபு உண்டு. பறைமேளக் கலைஞர்களை அழைத்தால் மற்றக் கலைஞருக்குக் கொடுக்கும் அதே கொடுப்பனவும் அதே மேடையும் கொடுக்க வேண்டும். அம்பாறைத் தொகுதியின் சிங்களக் கிராமங்களுக்கு இந்தப் பாட்டை மொழிபெயர்க்காமல், அந்த ஊர்க்காரரையே அவர்கள் மெட்டில் புதிதாக எழுதச் சொல்லுங்கள்.

ஆனால் பாட்டுக்குழுக்கள் அதிகம் சறுக்கக்கூடியது சொற்களில்தான். வீடு, மரம், படகு, மயில், யானை, குதிரை, சைக்கிள், திசைகாட்டி, தொலைபேசி, மொட்டு எல்லாம் கட்சிச் சின்னங்கள். வாவியையும் வயலையும் பாடப்போகும் கவிஞருக்குப் படகும் மரமும் தானாகவே வந்து விழும். “வீட்டுக்கு ஒருத்தர் வாருங்கோ” என்று வெள்ளை மனதோடு பாடினாலும் மறுநாள் ஊர் முழுக்க அது யாருடைய பாட்டு என்ற பேச்சுத்தான். வேட்புமனு முடிந்து சின்னங்கள் அறிவிக்கப்பட்டதும், சுயேச்சைக் குழுக்களின் சின்னங்களையும் சேர்த்துப் பட்டியல் எடுத்து, பாட்டை வரி வரியாக அதனோடு ஒத்துப் பாருங்கள். கொடி நிறங்களில் உடுப்பும் வேண்டாம். பாடுகிறவர் ஒரு வேட்பாளரின் மேடையில் ஏறியவர் என்றால், எவ்வளவு நல்ல குரல் என்றாலும் இந்தத் தடவை அவர் வேண்டாம்.

எழுதி முடித்ததும் பத்துப் பேரிடம் ஒரே ஒரு தரம் பாடிக்காட்டுங்கள். வாசித்துக் காட்டக் கூடாது. கால் மணி நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, “என்ன கொண்டுபோக வேண்டும்? எத்தனை மணிக்குள்?” என்று கேளுங்கள். ஏழு பேராவது சரியாகச் சொல்லாவிட்டால் பாட்டைத் திருத்த வேண்டும்.

மேசை இல்லாத பாட்டு வேண்டாம்

ஐந்து கலைஞர், இருபத்தைந்து நிமிடம், மூன்று பாட்டு. பக்கத்தில் ஒரு மேசை, அதில் ஊரில் நன்கு தெரிந்த இருவர். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் என்றால் நல்லது. இடம், சனம் ஏற்கெனவே கூடுகிற இடம்: வாரச் சந்தை, மாலை நேர விளையாட்டு மைதானம், ஆட்கள் காத்து நிற்கிற பாதைத்துறை (வாவியைக் கடக்கும் துறை). மண்டபம் பிடித்து அழைப்பிதழ் அடித்தால் வருகிறவர்கள் எப்படியும் வாக்களிக்கிறவர்களே.

மேசையில் இரண்டு கைபேசி வேண்டும்; தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துத் தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயர் இருக்கிறதா என்று அப்போதே பார்க்கலாம். கிராம உத்தியோகத்தர்களின் அலுவலக நாள்களை எழுதி வையுங்கள். 15 வயது நிரம்பியதும் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைத் தாய்மாருக்குச் சொல்லுங்கள். அட்டை தொலைத்தவர் கிராம உத்தியோகத்தர் ஊடாகத் தற்காலிக அடையாள அட்டை பெற முடியும். ஆனால் அதற்கு இறுதித் திகதி உண்டு, தேர்தலுக்கு முதல்நாள் ஓடினால் நடக்காது. கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை ஆகியவையும் ஏற்கப்படுபவையே.

மாதிரி வாக்குச்சீட்டும் வேண்டும். உண்மைக் கட்சிப் பெயரோ சின்னமோ அதில் இருக்கக் கூடாது. கொடுவா, மணலை, கெளுத்தி என்று மீன் பெயர்களை எழுத்தில் மட்டும் போடுங்கள். இது சின்ன வேலை இல்லை. 2024 பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் 667,240 சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன. திகாமடுல்ல (அம்பாறை) மாவட்டத்தின் மொத்த வாக்காளர் ஐந்தரை இலட்சம், மட்டக்களப்பில் நாலரை இலட்சம் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். வேண்டுமென்றே வெறுமையாகப் போட்டவையும் அதில் உண்டு. ஆனால் முறை தெரியாமல் வீணானவை மனதை வருத்துபவை. பாராளுமன்றத் தேர்தலில் முதலில் ஒரு கட்சிக்கு அல்லது குழுவுக்குப் புள்ளடி (X), பிறகு அதே கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் என்றால் 1 அல்லது புள்ளடி. விருப்பத்தெரிவு இடுவதானால் 1, 2, 3 என்று இலக்கம்தான். இரண்டு பேருக்குப் புள்ளடி போட்டால் சீட்டு வீண். உள்ளூராட்சியில் ஒரேயொரு புள்ளடி. ஒரே ஆள் எட்டு மாதத்துக்குள் மூன்று விதமான சீட்டைக் கையாள வேண்டி வந்தது. கையில் பென்சிலைக் கொடுத்து ஒரு தரம் போட்டுப் பழக்கினால் போதும்.

சட்டம்

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். 2007இல் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி இரவு 10 முதல் காலை 6 வரை அனுமதி கிடையாது. தேர்தல் காலத்தில் ஊர்வலம் தடை. பாடிக்கொண்டு தெருவழியே போய்ப் பின்னால் பிள்ளைகள் சேர்ந்தால் அது ஊர்வலமாகிவிடும், எனவே ஓரிடத்தில் நின்று பாடுங்கள். சாப்பாடு கொடுத்து வாக்குக் கேட்பது குற்றம். நீங்கள் எந்தக் கட்சிக்கும் கேட்காவிட்டாலும், பெரிய சாப்பாட்டு ஏற்பாடு வீண் சந்தேகத்தைக் கொண்டுவரும், பிளேன்ரீயோடு நிறுத்துங்கள். பிரசாரம் முடிந்தபின் வரும் 48 மணி நேர அமைதிக் காலத்தில், கட்சி சாராத பாட்டு என்றாலும் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுவதே நல்லது. அமெரிக்காவில் வாக்களிப்பு நிலையத்துக்கு அருகிலேயே இசையோடு விழா வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கே தேர்தல் நாளில் நிலையத்துக்கு 500 மீற்றருக்குள் பிரசாரம் தடைசெய்யப்பட்டது, அந்த யோசனையை எடுக்க வேண்டாம். மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குப் பாட்டின் வரிகளையும் இடம், நேரப் பட்டியலையும் முன்பே எழுத்தில் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

பலன் கிடைத்ததா என்று அறிய

முகநூலில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது இதற்கு அளவுகோல் இல்லை. மேசைக்கு வந்தவர்கள், பெயர் பார்த்தவர்கள், படிவம் நிரப்பியவர்கள் என்று மூன்று எண்ணிக்கையைக் கொப்பியில் கோடு போட்டு எண்ணுங்கள். பெயர் எழுத வேண்டாம், எந்தக் கட்சி என்று கேட்கவே வேண்டாம். உள்ளூராட்சித் தேர்தலில் முடிவு வட்டார வாரியாக வருவதால் இன்னும் நேர்மையாக அளக்கலாம். ஒன்றுக்கொன்று ஒத்த எட்டு வட்டாரங்களை எடுத்து, திருவுளச்சீட்டுப் போட்டு நாலில் மட்டும் பாடுங்கள். நீங்களாகத் தெரிந்தால் நண்பர்கள் இருக்கிற சுறுசுறுப்பான ஊர்களையே தெரிவீர்கள், பிறகு கூடிய வீதம் பாட்டாலா ஊராலா என்று தெரியாது. எட்டின் வீதத்தையும் முந்திய தேர்தலோடு ஒப்பிட்டால் ஓரளவு புலப்படும். எட்டு வட்டாரம் சிறிய எண்ணிக்கை. இரண்டு மூன்று வீதம் கூடியதாகத் தெரிந்தால் அதைப் பெரிதாக அறிவிக்காமல், அடுத்த தேர்தலிலும் செய்து பாருங்கள்.

அமைதிக் காலம் தொடங்கியதும் கலைஞருக்கு ஓய்வு, மேசைக்காரருக்கு வேலை. யாருக்கு நடக்க முடியாது, யாருக்குக் கண் தெரியாது என்பது மேசையிலேயே தெரிய வந்திருக்கும். வாக்காளரை வாகனத்தில் ஏற்றிப்போவது சட்டப்படி தடை. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் தெரிவத்தாட்சி அலுவலரிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெறலாம். உதவியாளர் ஒருவரை உள்ளே கூட்டிப்போவதற்கும் தகுதிச் சான்றிதழ் தேவை, அதில் வைத்தியரின் ஒப்பமும் கிராம உத்தியோகத்தரின் ஒப்பமும் இருக்க வேண்டும். இந்த இரண்டு படிவத்தையும் முதல் நாள் பாடும்போதே மேசையில் வைத்திருங்கள்.